பயறளவு நீலம்

இசக்கிராஜாவுக்குத் தொழில் பம்புசெட் கடை. ஆனால் யாராவது "என்ன பண்ணுதீக?" என்று கேட்டால், "தாய்மாமன்" என்பார். மற்றதெல்லாம் உபதொழில். அக்கா பேச்சிக்கனியின் மகன் கதிரவனை மடியில் வைத்து மொட்டை போட்டவர் அவர். காது குத்தியவர் அவர். பத்தாம் வகுப்பில் அவன் கணக்கில் கோட்டை விட்டபோது பள்ளிக்கூடத்துக்கே போய் வாத்தியாரோடு மல்லுக்கு நின்றவரும் அவர்தான். கடைசியில் தன் ஒரே மகள் மித்ராவையும் அவனுக்கே கட்டிக்கொடுத்துவிட்டு, "தானாடாவிட்டாலும் தசையாடும்லா!" என்று பாளையங்கோட்டை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

கல்யாணத்துக்கு முன்னால் சுகாதார நிலையத்திலிருந்து ஒரு நர்ஸம்மா வந்து, சொந்தத்தில் கட்டினால் பிறக்கிற பிள்ளைக்கு என்னென்ன வரும் என்று படம் போட்டுக் காட்டி எச்சரித்தார். "அதெல்லாம் ஒண்ணும் வராதும்மா, நான் கேரண்டி" என்றார் இசக்கிராஜா. அக்கா அதைவிடச் சத்தமாகக் கேரண்டி கொடுத்தாள். நர்ஸம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார்.

பேரன் பிறந்தான். மூன்றாம் நாள் கண்ணைச் செருகி, கையையும் காலையும் வெட்டி வெட்டி இழுத்தான். டிரைவர் இல்லாத ஆம்புலன்ஸில் மதுரைக்குக் கொண்டுபோனார்கள். வழி நெடுக இசக்கிராஜா அந்த வண்டிக்கு வழி சொல்லிக்கொண்டே வந்தார். அது தன் பாட்டுக்குப் போனது.

மதுரையில் டாக்டர் ரெபேக்கா வாரக்கணக்கில் சோதித்துவிட்டு, பிள்ளையின் இருபதாவது நாளில் எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னார். குள்ளமான, வேகமாகப் பேசுகிற அம்மாள். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்புக்குப் பதிலாக மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார்.

"சுகர் வியாதின்னா என்னன்னு தெரியும்ல?"

"தெரியாம என்ன? எனக்கே இருக்கு. முந்நூறு" என்றார் இசக்கிராஜா, பரீட்சையில் வாங்கிய மார்க்கைச் சொல்வதுபோல்.

"இது அதுக்கு நேர் எதிர். உங்க பேரனோட கணையம் அளவு தெரியாம இன்சுலினைக் கொட்டுது. ரத்தத்துல இருக்கிற சர்க்கரையெல்லாம் காலியாகிடுது. மூளைக்குச் சாப்பாடு இல்லாமப் போனதும் வலிப்பு வருது. எந்த மருந்துக்கும் கேக்கல. ராத்திரி பகலா குளுக்கோஸ் ஏத்தித்தான் வச்சிருக்கோம்."

"எனக்குப் பத்தல, அவனுக்கு மிச்சம். அவன்ட்டேருந்து கொஞ்சம் எனக்கு ஏத்திவிட முடியாதா டாக்டரம்மா?"

"ஏலே, வாயை மூடுலே" என்றாள் பேச்சிக்கனி.

டாக்டர் சிரிக்கவில்லை. "ரெண்டு விதம் இருக்கு. கணையம் முழுக்கவே கெட்டிருந்தா, கிட்டத்தட்ட முழுசா வெட்டி எடுக்கணும். அப்புறம் அவன் ஆயுசுக்கும் சுகர் பேஷண்ட். தினம் ஊசி. இன்னொரு விதம், ஒரே ஒரு புள்ளியில மட்டும் கெட்டிருக்கும். அதை மட்டும் நோண்டி எடுத்துட்டா முடிஞ்சது. கல்யாண வீட்டுல நாலு லட்டு தின்னாலும் ஒண்ணும் ஆகாது."

"எந்த விதம்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள் மித்ரா. பிரசவித்த உடம்பு, இருபது நாளாகச் சரியாகத் தூங்காத கண்.

"வழிப்படம் எடுத்தாத்தான் தெரியும்."

வழிப்படத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். உடம்பில் உள்ள ஒவ்வொரு உயிரணுவிலும் அப்பா பக்கத்துப் பங்கை நீலமாகவும் அம்மா பக்கத்துப் பங்கைச் சிவப்பாகவும் காட்டுகிற படம் அது. வியாதிக்காகக் கண்டுபிடித்தார்கள். நம் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? மூக்கு யார் பக்கம், முன்கோபம் யார் பக்கம் என்று பார்க்க வரிசையில் நின்றார்கள். சம்பந்திகள் படத்தைச் சட்டம் போட்டு மாட்டினார்கள். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நீலம் இருக்கவேண்டிய இடத்தில் நீலம் இல்லாத கதைகள் வெளியே வர ஆரம்பித்தன. கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. பாகப்பிரிவினை, விவாகரத்து, அரிவாள். அரசாங்கம் பயந்துபோய் ஒரு சட்டம் போட்டது: யார் யாருக்குப் பிறந்தார்கள் என்பதை இயந்திரம் தானாகச் சொல்லக் கூடாது. குடும்பத்தார் வம்ச வரைபடம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். பொருந்துகிறது, பொருந்தவில்லை, இந்த இரண்டில் ஒன்றை மட்டும் இயந்திரம் சொல்லலாம். பொருந்தினால் நிறம் காட்டும். பொருந்தாவிட்டால் காட்டாது. அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசுகிற டாக்டருக்கு லைசென்ஸ் போய்விடும்.

வரைபடத்தைக் கதிரவன் எழுத, இசக்கிராஜா பக்கத்தில் நின்று சொன்னார். பிள்ளைக்கு அப்பா கதிரவன்; அவன் அம்மா பேச்சிக்கனி. பிள்ளைக்கு அம்மா மித்ரா. அவள் அப்பா இசக்கிராஜா. பேச்சிக்கனியும் இசக்கிராஜாவும் கூடப்பிறந்தவர்கள். "கூடப்பிறந்தவர்களுக்கு அடிக்கோடு போடு மாப்ள" என்றார். கையெழுத்துப் போடும்போது அவருக்குப் பேனா ஒரு நொடி நின்றது. பேச்சிக்கனியின் கையெழுத்து கோணிப்போனது. பேனா சரியில்லை என்றாள்.

படம் எடுக்கிறதுக்கான மருந்து பெங்களூரிலிருந்து பறந்து வந்தது. அதன் ஒளி உடம்பில் இரண்டு மணி நேரம்தான் நிற்கும். அடுத்த மருந்துக்கு எட்டு நாள் ஆகும். காலை ஒன்பதரைக்கு ஊசி போட்டு, பிள்ளையைத் துணியில் சுற்றி உள்ளே படுக்க வைத்தார்கள். குடும்பம் கண்ணாடிக்கு வெளியே நின்றது. பத்து மணிக்கு இயந்திரம் செய்தி வாசிக்கிற குரலில் பேசியது.

"தாங்கள் அளித்த வம்ச வரைபடம் பொருந்தவில்லை. அன்புகூர்ந்து திருத்தி அளிக்கவும்."

நாலு பேரும் டாக்டரைப் பார்த்தார்கள். டாக்டர் கூரையைப் பார்த்தார்.

"மிஷின் ரிப்பேரா?" என்று கேட்டார் இசக்கிராஜா.

"மிஷின் நல்லாத்தான் இருக்கு. வரைபடத்துல எங்கயோ ஒரு கோடு தப்பு. எந்தக் கோடுன்னு நான் சொல்லக் கூடாது. பதினொன்றரைக்குள்ள திருத்திக் கொடுத்தீங்கன்னா படம் கிடைக்கும். இல்லைன்னா…" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எட்டு நாள் இவன் தாங்க மாட்டான். ஊசி குத்த நரம்பு இல்ல. சர்ஜன் நாளைக்கே ஆபரேஷன்னு சொல்லிட்டார். புள்ளி எங்கன்னு தெரியலைன்னா கண்ணை மூடிக்கிட்டு முழுசா எடுக்க வேண்டியதுதான். நல்லா யோசிங்க" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார்.

ஒரு குடும்ப வரைபடத்தில் கோடு தப்பு என்றால் ஜனங்கள் முதலில் யாரைப் பார்ப்பார்கள்? பிள்ளை பெற்றவளைத்தான். கதிரவன் நல்ல பையன்; ஆனாலும் அவன் கண்ணும் ஒரு நொடி மித்ராவிடம் போய் நின்றது.

"மித்து… ஏதாவது சொல்லணுமா?"

"என்ன அத்தான் சொல்லணும்?" மித்ரா அவனை நேருக்கு நேர் பார்த்தாள். "சொல்லுங்க, என்ன சொல்லணும்?"

"இல்ல, சும்மா கேட்டேன்…"

"சும்மாவா? இருபது நாளா இவன் மூச்சை எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கேன். என்கிட்ட சும்மா கேப்பீங்களா இதை? ஏன், தப்பு ஒங்க பக்கத்துல இருக்கக் கூடாதா?" அழுகை வெடித்து வந்தது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இசக்கிராஜா அக்காவைப் பார்த்தார். சாதாரணமாக இப்படி ஒரு சமயத்தில் பேச்சிக்கனி ஊரையே இரண்டாக்கியிருப்பாள். இன்று வாயே திறக்கவில்லை. பேயறைந்த மாதிரி நின்றாள். 'என் மகளைத்தான் சந்தேகப்படுதா' என்று அவருக்குக் கோபம் வந்தது. உடனே இன்னொன்றும் உறைத்தது. அந்தத் தப்பான கோடு எது என்று இந்த உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் அவர் அப்பா சாகக் கிடந்தபோது அவரை மட்டும் உள்ளே கூப்பிட்டுச் சொன்னார்: "ராசா, நீ எங்களுக்குப் பொறக்கல. பம்பாயில இருக்கையில ஒரு ஆசிரமத்துலேருந்து ஒன்ன எடுத்துட்டு வந்தோம். ஒங்கக்காவுக்குத் தெரிய வேண்டாம். தம்பி தம்பின்னு உசுர வச்சிருக்கா, தாங்க மாட்டா." அதைச் சொல்லிவிட்டு அவர் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார். இவருக்கு நிம்மதி போயிற்று. அன்றிலிருந்து முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து வைத்துக்கொண்டு, தாய்மாமன், தாய்மாமன் என்று முன்னைவிட நூறு மடங்கு சத்தம் போட்டு வாழ்ந்து வந்தார். மகளை மருமகனுக்குக் கட்டிக்கொடுக்கும்போது அவ்வளவு தைரியமாகக் கேரண்டி கொடுத்ததற்கும் இதுதான் காரணம். ரத்தமே இல்லை, பிறகு எங்கே கெடுவது?

இதை இப்போது சொன்னால் அவர் யார்? மாமனாராக இருக்கலாம். ஊரில் மாமனாருக்கு என்ன பஞ்சம்? தாய்மாமன் போய்விடும். அக்கா போய்விடுவாள். சொல்லாவிட்டால் மகள் பேர் கெடும், பேரன் கணையம் போகும். இதில் யோசிக்க ஒன்றுமே இல்லைதான். இருந்தாலும் அவர் இருபது நிமிஷம் யோசித்தார். அதை நினைத்துப் பிற்பாடு அவர் வெட்கப்பட்டதுண்டு.

பிறகு யாருக்கும் தெரியாமல் காரியத்தை முடித்துவிடலாம் என்று டாக்டர் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினார்.

"டாக்டரம்மா, இது நமக்குள்ள இருக்கட்டும்" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். "அந்தக் கூடப்பிறந்தவர்கள் கோட்டை மட்டும் நைசா அழிச்சிருங்க. வெளிய யாருக்கும் தெரியாண்டாம்."

டாக்டர் ரெபேக்கா அவரை ஒரு மாதிரிப் பார்த்தார். உதட்டைக் கடித்தார். திடீரென்று இருமல் வந்தது. மேஜைக்குக் கீழே குனிந்து ரொம்ப நேரம் இருமினார். நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர் நின்றது.

"என்ன டாக்டரம்மா, தண்ணி குடிக்கீகளா?"

"வேண்டாம். கோட்டை அழிக்கணும்னா அந்தக் கோட்டோட ரெண்டு பக்கத்து ஆளும் கையெழுத்துப் போடணும். உங்க அக்காவும் போடணும்."

"அவளுக்குத் தெரியக் கூடாதுன்னுதான உங்கட்ட வந்தேன்!"

"சட்டம் சார்." டாக்டர் மறுபடியும் இருமலை அடக்கினார். "ஒண்ணு மட்டும் சொல்றேன். போய் அக்கா பக்கத்துல உக்காந்து மனசு விட்டுப் பேசுங்க. இதுக்கு மேல ஒரு வார்த்தை சொன்னேன்னா நாளைக்கு நான் வீட்ல இட்லிக் கடைதான் போடணும்."

பேச்சிக்கனி காபி மிஷினுக்குப் பக்கத்தில் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். சுவரில் மணி பத்து ஐம்பது. இசக்கிராஜா போய் ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்தார்.

"யக்கா, ஒண்ணு சொல்லணும்."

"நானும் ஒன்ட்ட ஒண்ணு சொல்லணும்."

"நான் மொதல்ல சொல்லிருதேன்."

"மூத்தவ நான் இருக்கையில நீ என்னலே மொதல்ல?"

"எல்லாத்துக்கும் நீதான் மொதல்லயா? இன்னைக்காவது என்னப் பேச விடேன்!"

"ஏன், நான் பேசுனா மட்டும் என்ன, காது செவிடாயிருமா?"

பக்கத்தில் நின்ற வாட்ச்மேன், "இங்க சத்தம் போடாதீங்க" என்றார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "நீரு சும்மா இரும்!" என்றார்கள். அவர் போய்விட்டார்.

இசக்கிராஜா கண்ணை இறுக மூடிக்கொண்டார். "யக்கா, எம்மக மேல ஒரு தப்பும் கெடையாது. தப்பு என்மேலதான். நான் ஒன்கூடப் பொறந்தவன் இல்ல. அப்பா பம்பாயில எங்கேயோ ஆசிரமத்துலேருந்து தூக்கிட்டு வந்தாராம். சாகும்போது சொன்னாரு. நான் ஒன்ட்ட மறைச்சிட்டேன். எனக்கு ஒன்ன விட மனசு இல்ல, அதான் மறைச்சேன். இப்ப பிள்ளைக்காவச் சொல்லுதேன். அடிக்கணும்னா அடி."

அடி விழவில்லை. அழுகைச் சத்தமும் இல்லை. அவர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். பேச்சிக்கனி வாயைப் பிளந்துகொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏலே… நீயுமா?"

இசக்கிராஜா இன்னொரு கண்ணையும் திறந்தார்.

"நீயுமான்னா?"

"அம்மா சாகுறதுக்கு முன்னால என்னயத் தனியா கூப்பிட்டுச் சொல்லிச்சுலே! 'ஒன்னத் தத்துதான் எடுத்தோம், தம்பிக்குத் தெரிய வேண்டாம், அவன் அக்கா அக்கான்னு உசுர விடுதான்'னு. நீதான் பெத்த புள்ளன்னு நெனச்சேன். நான் வந்தேறின்னு தெரிஞ்சா நீ மாமன்முறையே வேண்டாம்னு போயிருவியோன்னு இத்தனை வருஷமா வாயில துணியக் கட்டிக்கிட்டுக் கெடந்தேன்!"

"நீ வாயில துணி கட்டிக் கெடந்தியா?"

"இந்த ஒரு விசயத்துல!"

"அப்ப கல்யாணத்துக்கு அந்தக் கேரண்டி…"

"நீ மட்டும் எதை நம்பிக் கொடுத்தே? அதையேதான் நானும் நம்புனேன்." அவள் மூக்கைச் சிந்தினாள். "ஒம்மக சொவரப் பாத்துத் திரும்பி நின்னு அழுதா பாரு, எனக்கு நெஞ்சு அறுந்துபோச்சு. நேரா டாக்டரம்மாட்ட போயிச் சொல்லிட்டுத்தான் இங்க வந்து உக்காந்தேன். தம்பி கையெழுத்தும் வேணும்னு சொல்லிட்டா. எப்பிடிலே ஒன்ட்ட கேக்கன்னு தெரியாம முழிச்சிட்டிருந்தேன்."

டாக்டரின் இருமலுக்குக் காரணம் இசக்கிராஜாவுக்கு அப்போதுதான் விளங்கியது.

இரண்டு பேரும் கதிரவனையும் மித்ராவையும் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்கள். கதிரவன் மனைவியின் காலைத் தொடக் குனிந்தான். "அதெல்லாம் வீட்ல போய்ப் பாத்துக்கலாம், மொதல்ல கையெழுத்து" என்றாள் மித்ரா. கூடப்பிறந்தவர்கள் என்ற கோட்டை அடித்து, இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். மணி பதினொன்று பத்து.

"வரைபடம் பொருந்துகிறது. நன்றி" என்றது இயந்திரம்.

திரையில் பிள்ளையின் கணையம் வந்தது. நீளவாக்கில் ஒரு சின்ன இலை. நீலமும் சிவப்பும் சரிபாதியாகக் கலந்து, அரிசியும் உளுந்தும் கலந்து கொட்டின மாதிரி கிடந்தது. டாக்டர் ரெபேக்கா மெதுவாகப் பெரிதாக்கிக்கொண்டே போனார். இலையின் வால் பக்கத்தில் ஒரு இடத்தில் கை நின்றது. பச்சைப்பயறு அளவுக்கு ஒரு புள்ளி. அதில் பொட்டுச் சிவப்பு இல்லை. முழுக்க நீலம்.

"இதோ இருக்கு" என்றார் டாக்டர். அவர் குரலும் லேசாகப் பிசிறியது. "இந்த இடத்துல மட்டும் அம்மா பக்கத்துப் பங்கு கழன்று போயிருக்கு. அடக்க ஆள் இல்லாம அப்பா பக்கம் தலைகால் தெரியாம ஆடிக்கிட்டு இருக்கு. ஒரே ஒரு புள்ளிதான். எடுத்துடலாம்."

மித்ரா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இசக்கிராஜாவுக்கு ஆனந்தத்தில் நாக்கு நிற்கவில்லை. "நான் அப்பவே நெனச்சேன். வியாதி அவிய பக்கம்!"

"ஏலே, ஒங்க பக்கம் காவலுக்கு நிக்காம ஓடிப்போனதாலதான வந்துச்சு?" என்றாள் பேச்சிக்கனி. "டாக்டரம்மா சொன்னது காதுல விழலையா?"

"ரெண்டும் சரிதான்" என்றார் டாக்டர். "வேடிக்கை என்னன்னா, உங்க ரெண்டு பேருக்கும் ரத்தத்துல ஒரு சொந்தமும் இல்ல. இந்தப் படத்துல மட்டும்தான் உங்க மகன் வழி நீலமும் அவர் மகள் வழிச் சிவப்பும் ஒண்ணா கலந்திருக்கு. உங்களை ரத்த சொந்தமாக்கினது இந்தப் பயல்தான்."

அதைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். இசக்கிராஜாவும் சிரித்தார். ஆனால் உள்ளுக்குள் எதுவோ ஒன்று விட்டுப்போனது.

மறுநாள் சர்ஜன் பயறளவு எடுத்தார். ஐந்தாம் நாள் குளுக்கோஸ் குழாயைக் கழற்றிவிட்டு, மூன்று மணிக்கு ஒரு தரம் குதிகாலில் குத்திப் பார்த்தார்கள். எண்பத்து நாலு. எழுபத்தொன்பது. எண்பத்தெட்டு. பிள்ளை தன் சர்க்கரையைத் தானே பார்த்துக்கொண்டது. கதிரவன் ஒவ்வொரு எண்ணையும் ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னான்.

அந்த ஐந்து நாளும் இசக்கிராஜா அக்காவை ஒரு பேரும் சொல்லிக் கூப்பிடவில்லை. "இந்தாங்க" என்றார். "சாப்பிட்டாச்சா?" என்றார். அவள் உள்ளே இருந்தால் அவர் வெளியே போனார். சண்டையே போடவில்லை. பேச்சிக்கனியும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் அவர் ஒரு டம்ளர் காபியைக் கொண்டுவந்து அவள் முன்னால் நீட்டி, "காப்பி… ஆறிரும்… எடுத்துக்கிடுங்க" என்றார்.

அவள் டம்ளரை வாங்கவில்லை.

"இந்த 'ங்க'வ எங்கலே வாங்கிட்டு வந்த?"

"இல்ல…" அவர் தரையைப் பார்த்தார். "இனிமே என்ன உரிமையில கூப்பிடன்னு…"

"உரிமையா? இத்தனை வருஷமா ஒரு நா விடாம என்கூட மல்லுக்கு நின்னுருக்கே. வேத்து ஆள்ட்ட நான் அவ்வளவு சண்ட போடுவேனா? எனக்கு வேற வேலை இல்லையா? அந்த டாக்டரம்மா நம்ம ரெண்டு பேரும் கலந்தது அந்தப் படத்துல மட்டுந்தான்னு சொல்லுதா. பாவம், நல்ல பொம்பள. படத்துல தெரியுறத மட்டும் படிச்சவ." அவள் குரல் உடைந்தது. உடைந்ததை மறைக்க இன்னும் உரக்கக் கத்தினாள். "என்னலே முழிக்க? கூப்பிடு!"

இசக்கிராஜா வாயைத் திறந்தார். உதடு கோணிக்கொண்டது. காபி பாதி கையில் சிந்தியது.

"யக்கா…" என்றார்.